பரணுக்கு எதைக் கொண்டுபோவது: புகையா, எண்ணெயா, வலையா?

தம்பியின் இடது முன்னங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. ஐந்து ரூபாய்க் குற்றி அளவு, நடுவில் பள்ளம், சுற்றிவரக் கறுத்த தோல். போன வருடம் சித்திரை கழிந்து கொஞ்ச நாளில் சின்னப் பருவாகத் தொடங்கியது. நோவு இல்லை, அரிப்பு இல்லை, சீழும் இல்லை. நுளம்பு கடித்த இடத்தைச் சொறிந்திருப்பான் என்றுதான் அம்மா நினைத்தா. இரண்டு மாதத்தில் பரு தடித்தது. மூன்றாம் மாதம் நடு உடைந்து, விளிம்பு உயர்ந்து, எறும்புப் புற்றின் வாய் மாதிரி ஆனது. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டா. பக்கத்து டிஸ்பென்சரியில் படைக்குப் பூசுகிற கிரீம் கொடுத்தார்கள். அது முடிய அன்டிபயோட்டிக் குளிசை. இப்படியே ஏழு மாதம் போனது.

கடைசியில் தோல் கிளினிக்கில் ஒரு பெண் டொக்டர் புண்ணைப் பார்த்தவுடன் கேட்டா: "ராவில காட்டில தங்குறனீங்களா?" தம்பி, "இல்ல டொக்டர், வயல்தான்" என்றான். அவ பேனையைக் கீழே வைத்தா. "தம்பி, நான் பொலிசும் இல்ல, வனஜீவராசி ஆக்களும் இல்ல. எங்க படுத்தெழும்பினீங்க எண்டு மட்டும் சொல்லுங்க." அதற்குப் பிறகுதான் பரண், குளக்கட்டு, பன்றி வேட்டை எல்லாம் வெளியில் வந்தன. புண்ணின் விளிம்பில் சிறிதாகக் கீறி, வந்ததைக் கண்ணாடித் தட்டில் தேய்த்து, சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ கடித்து வருகிற ஒட்டுண்ணி நோய்.

செய்தி பரவ, அவனோடு காட்டுக்குப் போகிற நாலு பேரும் எங்கள் முற்றத்துக்கு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: என்ன கொண்டுபோனால் இது வராது? ஒருவர் புகை என்றார், ஒருவர் வேப்பெண்ணெய், இன்னொருவர் பார்மசி லோஷன். நுளம்பு வலை வீட்டில் கிடக்கிறதே என்றா அம்மா. அன்றிலிருந்து நான் வாசித்ததையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டதையும், அவர்கள் பரணில் கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேட்டையை நியாயப்படுத்த நான் வரவில்லை. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இருந்து இருக்கிறது. மதுறு ஓயா, கல் ஓயா, குமண தேசிய பூங்காக்களுக்குள் வேட்டையாடுவது குற்றம். ஆனால் வாகரைக் காட்டில் தேன் எடுக்கிறவர், மாதவணைப் பக்கம் பட்டி மாட்டுக்குக் காவல் கிடக்கிறவர், கஞ்சிகுடிச்சாற்றில் சேனைப் பயிருக்குள் படுக்கிறவர், யானைக்குப் பயந்து வயல் வட்டையில் பரண் கட்டிக் கண் விழிக்கிறவர், இவர்கள் எல்லோரையும் கடிப்பது அதே பூச்சிதான். இதை அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி பற்றி 1992இல் தெரியவந்தது. 2008இல் இருந்து இது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் கூடுதல். பொலன்னறுவை, கிழக்கில் இருக்கிற எங்களுக்கு அடுத்த வளவு. காட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது. யுத்த காலத்தில் காட்டில் நிலைகொண்டிருந்த படையினரிடையே பலருக்கு இந்தப் புண் வந்தது. இரவில் காட்டில் கிடப்பதுதான் காரணம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இங்கே இதை உண்டாக்குகிற ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா டொனொவானி. இந்தியாவில் இதே இனம் மண்ணீரலுக்கும் ஈரலுக்கும் போய், காலா அசார் என்கிற உயிர்கொல்லிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே போன நோயாளிகளும் இங்கே உண்டு, ஆனால் மிகச் சிலர். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், உடம்பு மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் வீக்கம் என்று வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இறைச்சியைத் தொட்டோ, சாப்பிட்டோ, புண் உள்ளவரோடு ஒரே பாயில் படுத்தோ இது வராது. தம்பியின் கோப்பையைத் தனியாக வைத்த உறவுக்காரர் ஒருவருக்காக இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சியை அறியாமல் எதைத் தெரிவு செய்தாலும் அது குருட்டுத் தெரிவு. மணல் ஈ என்ற பெயரைக் கேட்டுக் கடற்கரையை நினைக்க வேண்டாம். மணல் நிறம் என்பதால் அந்தப் பெயர். நீளம் இரண்டு மூன்று மில்லிமீற்றர். உடம்பெல்லாம் மயிர். உட்கார்ந்தால் இரண்டு சிறகையும் மேலே தூக்கி விரித்து வைத்திருக்கும். பறப்பில் வலு இல்லை. தத்தித் தத்தித்தான் வரும், கொஞ்சம் காற்று அடித்தாலும் ஒதுங்கிவிடும். நுளம்பு போல் காதில் ரீங்காரம் போடாது. அதனால்தான் தம்பியிடம் "எப்ப கடிச்சது?" என்று கேட்டால் அவனுக்குப் பதில் இல்லை. பகலில் கறையான் புற்று, மரப்பொந்து, நில வெடிப்பு, மாட்டுத் தொழுவம் போன்ற இடங்களில் ஒளிந்திருந்து, பொழுது சாய வெளியே வந்து, விடியும்வரை கடிக்கும். குஞ்சுகள் தண்ணீரில் வளர்வதில்லை. சாணியும் உக்கிய இலையும் கலந்த ஈர மண்ணில் வளரும். ஆகையால் டெங்குவுக்குச் செய்வது போல் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து இதைத் தடுக்க முடியாது. நோய்க்குத் தடுப்பூசி இல்லை. முன்கூட்டிப் போடுகிற குளிசையும் இல்லை.

இப்போது பரணை நினைத்துப் பாருங்கள். ஆடி, ஆவணியில் சின்னக் குளங்கள் வற்றி, நடுவில் ஒரு கலங்கல் குட்டை மிஞ்சும். மிருகம் தண்ணிக்கு அங்கேதான் வரும். பரணும் அங்கேதான். சுற்றிவர வெடித்த குளத்து மண், கரையில் புற்றுகள், மாட்டுச் சாணி. காற்று இல்லாத இரவில், சாரமும் பெனியனுமாக ஒருவர் அசையாமல் நாலைந்து மணித்தியாலம் குந்தியிருக்கிறார். பூச்சிக்கு இதைவிட வாய்ப்பான இடமும் நேரமும் கிடைக்காது.

முதலில் புகை. பட்டிக்காரர்கள் பொழுது சாய வரட்டியும் பச்சை இலையும் போட்டுப் புகை மூட்டுவார்கள். மாட்டுக்கு அது கொஞ்சம் ஆறுதல். காட்டில் படுக்கிற மனிதனுக்கு நான் அதை நம்பச் சொல்ல மாட்டேன். காற்றுத் திரும்பினால் புகையும் திரும்பும். நடுச்சாமத்தில் நெருப்பு அவியும். அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றுமே இல்லை. வேட்டைக்காரர் அதை எப்படியும் மூட்ட மாட்டார், பன்றியும் மரையும் மோப்பத்தில் ஓடிவிடும் என்பதால். நுளம்புச் சுருளும் வெளியில் இதே கதைதான். புகைக்கு இவ்வளவு போதும்.

எண்ணெயை அப்படித் தள்ளிவிட முடியாது. தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் வேப்பெண்ணெய் கலந்து பூசி இந்தியாவில் பார்த்தபோது, இங்கே நோயைப் பரப்புகிற அதே இன மணல் ஈ நன்றாகவே விலகியிருக்கிறது. ஒரு போத்தல் (750 மில்லிலீற்றர்) தேங்காய் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி வேப்பெண்ணெய் விட்டால் கணக்கு ஏறத்தாழச் சரி. மலிவு, வீட்டிலேயே கலக்கலாம். வேர்த்தால் வழியும் என்பதால் சாமத்தில் மறுபடி பூச வேண்டும். வேப்பெண்ணெய் வாசம் மட்டும் மறையாது. தேன் எடுக்கிறவருக்கும் பட்டிக்காரருக்கும் சேனைக்காவல்காரருக்கும் அந்த வாசத்தால் ஒரு நட்டமும் இல்லை. ஆகவே இது அவர்களுடைய தெரிவு. மிருகத்துக்குக் காத்திருக்கிறவர் முகத்தைச் சுளிப்பார்.

பார்மசியில் வாங்கும், டீட் என்ற பூச்சி விரட்டி கலந்த லோஷன் எண்ணெயைவிட உறுதியானது. 20 சதவீதம் உள்ளது நாலு ஐந்து மணித்தியாலம் காக்கும். போத்தலில் சதவீதம் போட்டிருக்கும்; அதைப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் மிகக் குறைவு. கண், வாய், காயம், வெடிப்பு உள்ள இடத்தில் பூசக் கூடாது. பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்; தம்பியின் டோர்ச்சுக் கண்ணாடி மங்கிப்போனது அதனால்தான். பெரிய குறை, பூசாத இடத்தை அது காக்காது என்பது. காது மடலும் பிடரியும் கணுக்காலும் எப்போதும் விடுபடுகிற இடங்கள். பூச்சி அந்த இடங்களைத்தான் தேடிப் போகும்.

உடுப்பைப் பற்றி யாரும் அன்று பேசவில்லை. எனக்கு இன்றும் அது ஆச்சரியம். மணல் ஈயின் வாய் குட்டை. தடித்த துணியைத் துளைத்துக் கடிக்க அதனால் முடியாது. நீளக்கை சேட்டு, நீளக் காற்சட்டை, காற்சட்டை நுனியை உள்ளே விட்டுப் போட்ட மேஸ், கழுத்தில் ஒரு துவாய். எல்லாம் வீட்டில் இருப்பது, வாசமும் இல்லை. புழுக்கம் ஒன்றுதான் எதிரி. சித்திரை வெயிலில் பகலில் முடியாதென்றால் சரி, பகலில் வேண்டாம். பூச்சி வருவது பொழுது சாய்ந்த பிறகுதான். பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து ஊட்டிய உடுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. காய்ந்த பிறகு அதில் வாசம் தெரியாது. விழித்திருக்கிற நேரத்துக்கு என் முதல் தெரிவு உடுப்புத்தான். லோஷன், உடுப்பு மூடாத முகத்துக்கும் கைக்கும்.

உயரமும் ஒரு காவல் என்று மூத்த மாமா ஒருவர் சொன்னார்: பூச்சி நிலத்தோடு தத்துவது, பரண் பன்னிரண்டு அடி, அங்கே வராது என்று. எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆனால் பீகாரில் இதே இனத்தைப் பனை மர உச்சியிலும் பிடித்திருக்கிறார்கள். நிலத்தில் படுப்பதைவிடப் பரண் நல்லதாக இருக்கலாம்; பரணில் இருக்கிறோம் என்று கையைத் திறந்துகொண்டு படுக்க முடியாது.

இனி வலை. அம்மா சொன்ன வலையை எடுத்து விரித்துப் பார்த்தோம். மலேரியாவுக்காக முந்திக் கொடுத்த, பூச்சி மருந்து ஊட்டிய வலை. ஒரு பக்கம் கிழிந்து, மிளகாய்க் கன்றுக்குக் கோழி வராமல் கட்டியிருந்த கம்பித் துரு இன்னும் ஒட்டியிருந்தது. அப்படிப்பட்ட வலையில் மருந்து மூன்று வருடம் அல்லது இருபது கழுவல் வரைதான் நிற்கும். அதற்குப் பிறகு அது வெறும் வலை. வெறும் வலையில் கண்ணின் அளவுதான் எல்லாம். நுளம்புக்கென்று உலக சுகாதார அமைப்பு வைத்த அளவு சதுர அங்குலத்துக்கு 156 கண், அதாவது நேர்க்கோட்டில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு பதின்மூன்று. அதற்குள்ளால் மணல் ஈ நுழைந்து வரும். மணல் ஈக்கு அங்குலத்துக்குக் குறைந்தது 18 கண் வேண்டும். கடைக்குப் போகும்போது பிள்ளையின் அடிமட்டத்தைக் கொண்டுபோய், வலையில் வைத்து எண்ணுங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். மூன்று கடையில் எண்ணி, மூன்றாவது கடையில் இருபது வந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் நேபாளத்திலும் காலா அசார் உள்ள ஊர்களுக்கு மருந்து ஊட்டிய வலையை வீடு வீடாகக் கொடுத்து, கொடுக்காத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது, தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலை பயனற்றது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. என் எண்ணம் வேறு. வலை, அதற்குள் இருக்கிற நேரத்தை மட்டும்தான் காக்கும். பொழுது சாய்ந்ததில் இருந்து படுக்கும்வரை முற்றத்தில் இருக்கிற மூன்று நாலு மணித்தியாலத்துக்கு வலையால் என்ன செய்ய முடியும்? காட்டில் அந்த இடைவெளி இன்னும் நீளம். அதனால் வலையா உடுப்பா என்று ஒன்றைத் தெரிவது பிழை. விழித்திருக்கையில் உடுப்பு, படுக்கையில் வலை.

பரணில் வலை கட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பரணின் தடிகளுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். மேலே வலையை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் பூச்சி கீழால் வரும். தம்பி முதல் இரவே அதைக் கண்டுவந்து சொன்னான். அம்மா வலையின் அடியில் பழைய சாரத்துணி ஒன்றை நாலு பக்கமும் சேர்த்துத் தைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் நுழைய இடம் விட்டா. இப்போது அது ஒரு பை மாதிரி. மேலே கிளையில் ஒரு கயிறு, உள்ளே நுழைந்து வாயை மடித்துப் பாய்க்கு அடியில் செருகினால் முடிந்தது. உடம்பு வலையில் ஒட்டிக்கொண்டு படுத்தால் அந்த இடத்தில் வெளியிலிருந்தே கடித்துவிடும், ஆகவே வலை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். கண் சிறிதென்பதால் உள்ளே புழுக்கம் கூட. மருந்து ஊட்டிய வலை என்றால் கழுவிய பிறகு நிழலில் காயப் போடுங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வலையை வாங்குங்கள். உடுப்பு வீட்டில் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது.

இதற்குப் பிறகும் பரு வந்தால்? அதுதான் இரண்டாவது தெரிவு, அதில்தான் எங்கள் வீடு ஏழு மாதத்தை இழந்தது. சில புண்கள் காலப்போக்கில் தாமாகவே ஆறும் என்பது உண்மை. அதை நம்பிக் காத்திருந்தால் தழும்பு பெரிதாகும். முகத்தில் என்றால் காலம் முழுக்க இருக்கும். ஆறும்வரை அந்தப் புண்ணில் கடிக்கிற மணல் ஈ அடுத்தவனுக்குக் கொண்டுபோகவும் கூடும். நாலு வாரத்தில் ஆறாத, நோகாத எந்தப் புண்ணையும் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கடித்துப் பல வாரம், சில வேளை பல மாதம் கழித்துத்தான் பரு தெரியும் என்பதால், "இப்ப நான் காட்டுக்குப் போறல்லயே" என்பது காரணம் ஆகாது.

சிகிச்சையில் மூன்று வழி. இலங்கையில் அதிகம் செய்வது, சோடியம் ஸ்டிபோகுளுக்கொனேட் என்ற மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியால் ஏற்றுவது. வாரம் ஒரு முறை, பல வாரம். நோகும், தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மற்றக் கையால் கட்டிலைப் பிடித்திருந்தான். அவனுக்கு ஒன்பது வாரம் எடுத்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். நடுவில் விட்டுவிடுகிறவர்கள் விடுவது நோவால் மட்டும் இல்லை, இந்தக் கணக்காலும்தான். சில நோயாளிகளில் இந்த மருந்து முன்பு போல் வேலை செய்யவில்லை என்பதும் தெரியவந்திருக்கிறது. அடுத்தது திரவ நைதரசனால் உறைய வைப்பது. சின்னப் புண்ணுக்குப் பொருந்தும், அதற்கும் பல தடவை போக வேண்டும், தோலின் நிறம் வெளுக்கக் கூடும். மூன்றாவது சூடு: இடத்தை விறைக்கச் செய்து, கருவியால் 50 பாகை வெப்பத்தை 30 விநாடி கொடுப்பது. ஒரே தடவைதான். இலங்கையிலேயே ஊசியோடு ஒப்பிட்டு 2018இல் வெளியான முடிவில், குணமாவதில் சூடு ஊசிக்குக் குறைந்ததாக இல்லை, ஆறியதும் விரைவாக. தூரத்தில் இருந்து வருகிற கூலிக்காரருக்கு நான் தெரிவது இதைத்தான். எந்தப் புண்ணுக்கு எது பொருந்தும் என்பதைத் தோல் வைத்தியர்தான் சொல்ல வேண்டும், ஆனால் "சூடு வைக்கிற சிகிச்சை எங்கே இருக்கு, எனக்குச் சரிவருமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காமல் நாங்கள் ஒன்பது வாரம் போனோம்.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேட்டை நாயில் டைரோஃபிலேரியா என்ற நூல் போன்ற புழு இருக்கும்; இலங்கை நாய்களில் இது பரவலாக உண்டு. நுளம்பு அதை நாயிடம் இருந்து மனிதனுக்குக் கொண்டுவரும். தோலுக்குக் கீழே, கண்ணோரத்தில் ஒரு கட்டி. வெட்டி எடுத்தால் உள்ளே ஒரு புழு. உயிருக்கு ஆபத்தில்லை. நாய்க்கு மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கிக் கொடுத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காவல்.

மலேரியாவை எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளூரிலேயே சுழன்று பரவிய மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் நாடு மலேரியா அற்றதென்று உலக சுகாதார அமைப்பு சான்று தந்தது. அதைப் பரப்பும் நுளம்பு போகவில்லை. வெளிநாடு போய்வந்த ஒருவர் கூட்டத்தில் இருந்து, பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால், இரத்தம் சோதியுங்கள்.

போன கிழமை நாலு பேரில் ஒருவர் வந்து, காதுக்குக் கீழே ஒரு பருவைக் காட்டினார். நோவில்லையாம், ஒரு மாதமாம். "தம்பிக்குக் குடுத்த கிரீம் மிச்சம் இருந்தா தாங்க அக்கா" என்றார். கிரீமைக் கொடுக்கவில்லை. கிளினிக் நாளைச் சொல்லி, ஒரு கொப்பித் தாளில் "இரவில் பரணில் தங்குகிறவர், ஒரு மாதமாக ஆறாத பரு" என்று எழுதி மடித்துக் கொடுத்தேன். டொக்டர் கேட்டால் அவர் வாயால் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். தாளை சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலை ஆறரை பஸ்ஸில் போனார்.